கண்ணாடியில் நீண்ட கழுத்து

பொறாமை வந்தால் முகம் கறுக்கும், வயிறு எரியும் என்றெல்லாம் சொல்வார்கள். கழுத்து நீளும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. நான் பார்த்தேன். எங்கள் தெருமுனை சலூனில், காத்திருக்கிறவர்களுக்குப் போட்ட பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு மழைக்காலம் முழுக்க ஒரு மனிதரின் கழுத்து நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போனதை இந்த இரண்டு கண்ணாலும் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் அவருக்குக் காலர் தைக்கத் தையல்காரர் தனியாகத் துணி கேட்டிருப்பார்.

பெஞ்சில் எனக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நான் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் படித்தவன். ஓய்வு பெற்றபின் படிப்பதற்கு என் மனைவியின் முகம் ஒன்றுதான் மிஞ்சியது. அதில் முள் எப்போதும் சிவப்பிலேயே நிற்கும். ஆகவே காலை எழுந்து பல் விளக்கியதும் பேப்பர் படிக்கிற சாக்கில் சலூனுக்கு வந்துவிடுவேன்.

கடை குறுகலானது. இடப்பக்கச் சுவரில் ஒரு கண்ணாடி, வலப்பக்கச் சுவரில் ஒரு கண்ணாடி, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு நாற்காலி. சண்டை போட்ட தம்பதி மாதிரி இரண்டு நாற்காலிகளும் முதுகோடு முதுகு காட்டி நிற்கும். இடப்பக்கம் மாமனுடையது, வலப்பக்கம் மச்சானுடையது. மாமனுக்குத் தெருவில் நிதானம் என்று பெயர். ஒரு தலையை அவர் முடிப்பதற்குள் முதலில் வெட்டிய பக்கம் மறுபடி வளர்ந்துவிடும். மச்சானுக்குக் காடு மாதிரி சுருள் முடி, அதனால் சுருட்டை. நிதானத்தின் மனைவி சுருட்டையின் கூடப் பிறந்தவள். அவன் அக்கா அக்கா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அவள் தெருவுக்கே அக்கா ஆகிவிட்டாள். கடைக்கு மேலே இரண்டு அறைகளில் மூன்று பேரும் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டார்கள். கடைத் துண்டுகளை வெந்நீரில் அலசி மொட்டைமாடியில் காயப்போடுவது அக்காவின் வேலை. மழைக்காலத்தில் துண்டு காயாது. அடுப்புக்கு மேலே கயிறு கட்டித் தொங்கவிடுவாள். எங்கள் தெருவில் ஆண்கள் எல்லாரும் அந்த மாதங்களில் வெங்காயம் வதக்கிய வாசனையோடுதான் ஷேவ் முடிந்து வெளியே வருவோம்.

இந்தத் தொழிலில் ஒரு விசேஷம் உண்டு. எதிராளியின் முகத்தை நேராகப் பார்க்கிற பழக்கமே கிடையாது. ‘காதுக்கு மேல இன்னும் கொஞ்சம் எடுக்கட்டுமா’ என்பதில் தொடங்கி குடும்பக் கதை வரை எல்லாம் கண்ணாடி வழியாகத்தான். நிதானம் இதில் ஊறிப்போனவர். மாடியில் அக்காவிடம் பேசும்போதுகூட பீரோக் கண்ணாடியைப் பார்த்துத்தான் பேசுவார் என்று சுருட்டை சொல்வான். நான் நம்பவில்லை. பிறகு ஒரு நாள் மாடிக்குப் போனபோது நேரில் பார்த்தேன், நம்பினேன்.

தொல்லை ஒரு செல்போனில் ஆரம்பித்தது. சுருட்டை தன் கண்ணாடிக்குக் கீழே, பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில், அதை நிமிர்த்தி வைத்தான். யார் தலையில் அவன் கைவைத்தாலும் அது படம் பிடிக்கும். பிடித்ததை வேகமாக ஓடவிட்டு, பாட்டுச் சேர்த்து, உலகத்துக்கு அனுப்புவான். உலகம் சிவப்பாக ஒரு இதயம் போடும். முதலில் பத்து, இருபது. பிறகு நூறு. அப்புறம் ஆயிரக்கணக்கில் ஏறியது. எங்கள் தெருவில் மொத்தமே அவ்வளவு இதயம் கிடையாது.

வாலிபர்கள் வரிசையாக வர ஆரம்பித்தார்கள். பெஞ்சில் என்னை இடித்துக்கொண்டு உட்கார்ந்து, குனிந்து போனைத் தேய்ப்பார்கள். இடப்பக்க நாற்காலி காலியாக இருக்கும். நிதானம் கழுத்துத் துணியை எடுத்துப் பட்டென்று உதறுவார்.

"வாங்க தம்பி, சீட்டு காலிதான்."

"இல்ல அங்கிள், நான் வெயிட் பண்றேன்."

தலையைக்கூட நிமிர்த்த மாட்டார்கள். உதறிய துணியை அவர் மடிப்பார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி உதறுவார். முடியே விழாத துணியை அந்த மழைக்காலத்தில் அவர் உதறிய உதறலில் நூல் பிரிந்தது.

ஒரு நாள் என்னிடம் கேட்டார். "சார், இந்த இதயம் போடறாங்களே, அதுக்குக் கணக்கு யாரு பாக்கறா?"

"அதுவே எண்ணிக்கும்."

"நீங்க மீட்டர் படிச்சவரு, உங்களுக்குத் தெரியாததா? மீட்டர்னா கொஞ்சம் முன்னப்பின்ன ஓடத்தானே செய்யும்?"

"ஓடும். ஆனா பக்கத்து வீட்டு மீட்டர் வேகமா ஓடுதுன்னு வருத்தப்பட்ட முதல் ஆளு நீங்கதான்."

அவர் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து அக்காவின் போன் அவர் சட்டைப் பைக்குக் குடிபோனது. மனிதருக்குச் சொந்தமாக ஒரு கணக்குக் கிடையாது, ஒரு படம் போட்டது கிடையாது. மச்சானின் படத்துக்குக் கீழே ஓடும் எண்ணை மட்டும் பார்ப்பார். அந்த எண்ணுக்கு அடியில் ஜனங்கள் எழுதுவதெல்லாம் எறும்பு சைஸ் எழுத்து, அவருக்கு ஆகாது. நுரை ஊறும்போது பார்ப்பார். சூடான துண்டை வாடிக்கையாளர் முகத்தில் போர்த்திவிட்டுப் பார்ப்பார். ஒரு தடவை துண்டுக்குள் இருந்தவர் குறட்டை விட்டு, கனவு கண்டு, தானே எழுந்து போய்விட்டார். நிதானம் கழிவறைக்குப் போனால் யாராவது போய்க் கதவைத் தட்ட வேண்டும். எண் ஏறியிருந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. ஏறாவிட்டால், இன்னும் ஏறவில்லையே, எப்போது ஏறுமோ என்று இறங்காது.

அக்கா தேநீர்க் குடுவையோடு இறங்கி வரும்போது என்னிடம் புலம்புவாள். "சாப்பிடறப்பகூட அதையேதான் பாக்கறாரு சார். நான் தாடையைப் பிடிச்சுத் திருப்பி, ‘தட்டு இங்க இருக்கு’ன்னு காட்ட வேண்டியிருக்கு. கல்யாணம் ஆன புதுசுல என் மூஞ்சியை ஒரு நாள் இப்படிப் பாத்திருப்பாரா? போனு எனக்குச் சொந்தம், புருஷனும் எனக்குச் சொந்தம். ரெண்டும் சேந்துகிட்டு என்னை வெளியில நிக்க வெச்சிருச்சு."

சுருட்டை படம் பிடிக்கிற நேரங்களில்தான் அந்தக் கழுத்து வேலை செய்யும். நிதானம் தன் வாடிக்கையாளரின் தலைக்கு மேல், தன் கண்ணாடியில், முதுகுக்குப் பின்னால் மச்சான் என்ன செய்கிறான் என்று பார்ப்பார். முதலில் கண் மட்டும் உயரும். பிறகு புருவம். பிறகு கழுத்து சட்டைக்குள்ளிருந்து மெல்ல மெல்ல எழும்பி, கீழுதடு தொங்கி, மூக்கு விடைத்து, கத்தரி தானாக அந்தரத்தில் வெட்டிக்கொண்டிருக்கும்.

அப்படித்தான் என் மீசை போனது. ஓரம் ஒதுக்கத்தான் உட்கார்ந்தேன். பின்னால் சுருட்டையின் நாற்காலியில் ஒரு வழுக்கைத் தலைக்காரர். சுற்றி இரண்டு இழுப்பு இழுத்தால் தீர்ந்தது வேலை. அதற்கும் போன் எழுந்து நின்றது. நிதானத்தின் கழுத்தும் எழுந்தது. கத்தி என் மேலுதட்டில் ஒரு நடை போய்வந்தது. கண்ணாடியில் பார்த்தால், வலப்பக்கம் நான், இடப்பக்கம் பச்சைக் குழந்தை. மிச்சத்தையும் எடுப்பதைத் தவிர வழியில்லை. வீட்டுக்குப் போனதும் என் மனைவி யாரென்று கேட்டாள். அவள் என்னைப் பார்த்து அவ்வளவு நேரம் சிரித்ததே இல்லை. எனக்கு மொத்தத்தில் லாபம்தான்.

நஷ்டஈடாக மறுநாள் மதியம் அக்கா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். வெளியே மழை அடித்து ஊற்றிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே துண்டுகள், மேசையில் அவித்த உருளைக்கிழங்கு, முட்டை, சூடான ரொட்டி. நிதானம் முட்டையை உரித்துக்கொண்டே, பீரோக் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்.

"கடைக்கு நடுவுல ஒரு தடுப்பு போடணும்."

"எதுக்கு?" என்றாள் அக்கா.

"அவன் லைட்டு என் கண்ணைக் கூசுது."

"அந்த லைட்டை இன்னைக்கா வாங்கினான்?"

"பாட்டுச் சத்தம் வேற."

"பாட்டை நான் அப்புறமாத்தான சேக்கறேன் மாமா? கடையில எங்க பாட்டு?" என்றான் சுருட்டை.

"பாத்தியா, எதுத்துப் பேசறான்."

"இவரு மீசையை எடுத்தது நீங்க. நடுவுல லைட்டு எங்கிருந்து வந்துச்சு?" என்றாள் அக்கா.

என் மீசை விவாதத்துக்கு வந்ததில் எனக்குப் பெருமை தாளவில்லை. "என்னைப் பத்திக் கவலைப்படாதீங்க, வளந்துக்கும்" என்று பெருந்தன்மையாகச் சொல்லி இன்னொரு கிழங்கை எடுத்துக்கொண்டேன்.

நிதானம் முட்டையைக் கீழே வைத்தார். "வழுக்கைத் தலை ஒண்ணு. சுத்தி ரெண்டு இழுப்பு. அதுக்கு ஒம்பதாயிரம் பேரு! நான் ஒவ்வொரு தலையையும் செதுக்கறேன்யா, செதுக்கறேன். அதுக்கு எவனாவது ஒருத்தன் போட்டானா?"

"நீங்களும் படம் எடுத்தா போடுவாங்க மாமா."

"படம் எடுத்தாத்தான் வேலையா? நான் யாருக்கும் காட்டறதுக்காகக் கத்தரி பிடிக்கல."

"அப்புறம் ஏன் மாமா எண்ணிக்கிட்டே இருக்கீங்க?"

சுருட்டை மேலும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். பிறகு ஒரு ரொட்டித் துண்டை வைத்துத் தன் வாயைத் தானே அடைத்துக்கொண்டான். அதை நான் கவனித்தேன். அர்த்தம் அப்போது புரியவில்லை.

மென்று முடித்துவிட்டுச் சொன்னான்: "சரி, போடுங்க தடுப்பு. எனக்கும் நல்லதுதான்."

"உனக்கென்னடா நல்லது?"

"ஒண்ணுமில்லக்கா. தனியா செஞ்சா என் வேலை தனியா தெரியும். சாப்பாட்டுக்கும் நான் கடைக்குப் பின்னாடி ரூம்லயே ஒரு அடுப்பு வெச்சுக்கறேன்."

அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "இன்னைக்குப் பலகை போடுவீங்க. நாளைக்கு ஆளுக்கொரு பூட்டு போடுவீங்க. ஒருத்தன் கூடப் பிறந்தவன், ஒருத்தரு கட்டிக்கிட்டவரு. நான் எந்தப் பக்கம்டா நிக்கறது? பலகை மேலயா?"

தலைக்கு மேலே ஒரு துண்டிலிருந்து சொட்டு ஒன்று என் தட்டில் விழுந்தது. நான் அதைத் துடைக்கக்கூட இல்லை. அவ்வளவு மரியாதையாக உட்கார்ந்திருந்தேன்.

மழை விட்ட முதல் நாளே தச்சர் வந்துவிட்டார். தரையிலிருந்து கூரை வரைக்கும் ஒட்டுப்பலகை. அது என் பெஞ்சு வரை வந்து நின்றது. உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் இரண்டு பக்கமும் தெரியும். ஆளில்லாத நேரத்தில் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்து, ஒரு காலை அந்த நாட்டிலும் ஒரு காலை இந்த நாட்டிலும் போட்டுக்கொள்வேன்.

பலகை ஏறிய அன்றே இதயம் சரிந்தது. ஆயிரம் போய் நூறானது, நூறு போய் நாற்பதானது. நிதானம் சீட்டியடித்தார். "சார், இன்னைக்கு வெறும் முப்பத்தொண்ணு!" என்று எனக்கு இலவசமாகச் சூடான துண்டு போட்டார். நான் எதற்கும் இருக்கட்டும் என்று வாயைப் பொத்திக்கொண்டே போர்த்திக்கொண்டேன். ஆனால் சந்தோஷம் ரொம்ப நாள் ஓடவில்லை. எண் அசையாமல் நின்றதும் முன்பைவிட அடிக்கடி எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். ஆள் இல்லாத வீட்டு மீட்டரை நான் பார்த்திருக்கிறேன். அதை வெறித்துக்கொண்டு நிற்கிற ஆளை அப்போதுதான் பார்த்தேன்.

அந்தப் பக்கம் சுருட்டை விளக்கை மாற்றினான், பாட்டை மாற்றினான், ஒருவன் மண்டையில் மின்னல் கோடு வரைந்தான். ஒன்றும் எடுபடவில்லை. பின் அறையில் முட்டை அவிக்கப்போய் பாத்திரத்தைக் கரியாக்கினான். மாடியில் அக்கா இரண்டு பேருக்கு என்று நினைத்துச் சமைப்பாள், கை மூன்று பேருக்கு அளந்துவிடும். அந்த மூன்றாம் பங்கை ஒரு தட்டில் மூடி மாடிப்படியில் வைப்பாள். சுருட்டை எடுக்க மாட்டான். ‘திருப்பி மேல கொண்டு போ’ என்று நிதானமும் சொல்ல மாட்டார். உணவை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது. அந்த மாதத்தில் நான் ஒரு சுற்றுப் பெருத்தேன்.

காலித் தட்டைப் பார்த்துத் தம்பி மனம் மாறிவிட்டான் என்று அக்கா நம்பியிருக்கிறாள். ஒரு நாள் கையும் வாயுமாக என்னைப் பிடித்துவிட்டாள். திட்டவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அப்படி என்னதான்யா இருக்கு அந்தக் கருமத்துல?" என்று, கணவர் முகம் கழுவப் போன நேரம் பார்த்து அவர் கழற்றி மாட்டியிருந்த சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்தாள். அவள் எண்ணைப் பார்க்கவில்லை. அதற்கு அடியில் இருந்த எறும்பு எழுத்தைப் படித்தாள். படித்துக்கொண்டே போனாள். சட்டென்று எழுந்து கடைக்குள் வந்து, பலகை முடிகிற இடத்தில், என் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"ஏங்க, இங்க வாங்க. டேய், நீயும் வா."

இரண்டு பேரும் பலகையின் ஆளுக்கொரு பக்கத்திலிருந்து தலையை நீட்டினார்கள்.

"படிக்கறேன், கேளுங்க. ‘மாமா எங்கே?’ இது ஒருத்தி. ‘பின்னாடி இருக்கற மாமாவைக் காணோமே, உடம்பு கிடம்பு சரியில்லையா?’ இது ஒருத்தர். ‘அந்தப் பலகையைப் பிடுங்கிப் போடுங்கப்பா. வேலை முடிஞ்சு வந்து மாமா மூஞ்சியைப் பாத்தாத்தான் எனக்குத் தூக்கமே வரும்.’ இது இன்னொருத்தன்."

"எந்த மாமா?" என்றார் நிதானம்.

"நீங்கதான்."

அவள் என் மீசை போன நாளின் படத்தை ஓடவிட்டு அவர் கையில் கொடுத்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். முன்னால் வழுக்கைத் தலைக்காரர், அவருக்குப் பின்னால் சுருட்டை, அவனுக்கும் பின்னால் எதிர்ச் சுவர்க் கண்ணாடி. அந்தக் கண்ணாடி நிறைய நிதானம்! கண் உயருகிறது, புருவம் உயருகிறது, கழுத்து எழும்புகிறது, எழும்பிக்கொண்டே இருக்கிறது, உதடு தொங்குகிறது. கீழே ஓர் ஓரத்தில் என் மீசை பரிதாபமாக விடைபெறுகிறது. ஒன்பதாயிரம் இதயமும் அதற்குத்தான். என் மீசைக்கும் அதில் பங்கு உண்டு என்று உரிமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

கண்ணாடியில் ஒருவர் கண்ணை நாம் பார்த்தால் அவர் கண்ணுக்கும் நாம் தெரிவோம். வாழ்நாள் முழுக்க அந்த வித்தையில் பேசிப் பிழைத்த மனிதர் அதை மறந்துபோனார். தன் கண்ணாடியைத் தான் பார்ப்பது மனசுக்குள் நினைத்துக்கொள்வது மாதிரி, யாருக்கும் தெரியாது என்று இருந்துவிட்டார்.

நிதானம் போய்த் தன் நாற்காலியில், வாடிக்கையாளர் மாதிரி, உட்கார்ந்தார். "இவ்ளோ பேரு சிரிச்சிருக்காங்க" என்றார் மெதுவாக. "தெருவுல பசங்க என்னைப் பாத்து சிரிச்சதெல்லாம் இதுக்குத்தானா."

"சிரிச்சாங்க. இப்பக் காணோம்னு தேடறாங்க. ரெண்டையும் படிச்சேன்ல?" அக்காவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "இத்தனை பேருக்கு உங்க மூஞ்சி தெரிஞ்சிருக்கு. எனக்கு உங்க முதுகுதான் தெரியும்."

அவர் கண்ணாடியிலிருந்து திரும்பி அவளை நேராகப் பார்த்தார். பழக்கமில்லாததால் கண் கூசியவர் மாதிரி இமைத்தார். பிறகு மச்சானிடம் கேட்டார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"ஆரம்பத்துலேருந்து. ஒரு தடவை போனைத் திருப்பி வெச்சு உங்களை விட்டுட்டு எடுத்தேன். ஒருத்தரும் சீண்டல. மறுபடி பழைய இடத்துலயே வெச்சுட்டேன்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"என்னன்னு மாமா சொல்றது? நான் வெட்டறேன், அவங்க உங்களைப் பாக்கறாங்கன்னா? நீங்க பலகைன்னு சொன்னதும் எனக்கு உள்ளுக்குள்ள குஷி. இனிமேலாவது என் கையைப் பாப்பாங்கன்னு. எவன் பாத்தான்?" சுருட்டையின் குரல் உடைந்தது. "என் பேரைப் போட்டு, என் லைட்டைப் போட்டு, உங்க கழுத்தை வித்துக்கிட்டு இருந்திருக்கேன்."

நிதானம் தலையைக் கொஞ்சம் நிமிர்த்தினார். "அப்போ… நீ என்னைப் பாத்து வயிறு எரிஞ்சியா?"

"எரிஞ்சேன்."

"நெசமாவா?"

"தூங்கல மாமா. ‘மாமா மாமா’ன்னு எவனெவன் எழுதறானோ அதையெல்லாம் ஒண்ணொண்ணா அழிச்சுக்கிட்டே படுத்திருப்பேன். இப்பத்தான் அழிக்கக்கூட சலிச்சுப்போய் விட்டுட்டேன்."

"எவ்வளவு எரிஞ்ச?"

"இதென்னங்க கேள்வி!" என்றாள் அக்கா.

"நீ சும்மா இரு. சொல்லு மாப்ளே, எவ்வளவு?"

"நெறைய மாமா."

அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒன்பதாயிரம் இதயம் செய்யாததை அந்த ஒரு சொல் செய்தது. உள்ளுக்குள் யாரோ மெயின் சுவிட்சைப் போட்ட மாதிரி மனிதர் காதிலிருந்து காது வரை எரிந்தார். அவரே ஸ்க்ரூடிரைவரைத் தேடி எடுத்தார். மச்சான் பலகையைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, ஒவ்வொரு திருகாணியாக, அவருக்கே உரிய வேகத்தில் கழற்றினார். வெளிச்சம் போவதற்குள் பலகை மாடிக்கு ஏறி மேசையின் மேல் படுத்துக்கொண்டது. மேசை அகலமானதால் மூன்று தட்டுக்கும் இடம் போதாமல் இருந்த பழைய நெருக்கடியும் தீர்ந்தது. படியில் வைக்கிற தட்டு நின்றுபோனதில் எனக்குத்தான் நஷ்டம்.

அதற்குப் பிறகு நிதானம் தினமும் எண்ணெய் தேய்த்துத் தலை வாரி, போனுக்கு நேராக நின்று கழுத்தை நீட்டிப் பார்த்தார். வரவில்லை. பொறாமை இருந்தால்தானே வரும்? நான் பெஞ்சிலிருந்து, "இன்னும் கொஞ்சம் உதட்டைத் தொங்கவிடுங்க" என்று இயக்கிப் பார்த்தேன். ‘மாமா நடிக்கறாரு’ என்று எறும்பு எழுத்தில் எழுதிவிட்டு ஜனங்கள் கலைந்து, வேறு எங்கேயோ கோழிக்குத் தொப்பி போடுகிறவனிடம் போய்விட்டார்கள். அக்காவின் போன் அக்காவிடமே திரும்பியது. பழக்கதோஷத்தில் அவர் ஒரு வாரம் வெறும் சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தார்.

என் மீசையும் வளர்ந்தது. முன்னைவிட அடர்த்தி, முன்னைவிட கம்பீரம், பார்த்தவர்கள் வழிவிட்டு ஒதுங்குகிற மாதிரி. அதை ஓரம் ஒதுக்க வேண்டிய நாள் வந்தபோது நான் முன்ஜாக்கிரதையாக வலப்பக்க நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். கையில் போன் இல்லாத சுருட்டை கவனமாகத்தான் நுரை தடவினான்.

அந்த நேரம் ஒரு வாலிபன் உள்ளே வந்தான். பெஞ்சில் உட்காரவில்லை. நேரே இடப்பக்கம் போனான்.

"அங்கிள், நீங்கதான் அந்த மாமாவா? எனக்கு நீங்களே வெட்டுங்க."

பட்டென்று துணி உதறிய சத்தம் கேட்டது. நிதானம் குனிந்தவர் நிமிரவில்லை. தன் கண்ணாடியை மறந்து, மச்சானை மறந்து, அந்தத் தலைக்குள்ளேயே போய்விட்டார். என் கண்ணாடியில் எல்லாம் தெரிந்தது. ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் கவனித்தேன். என் தலைக்கு மேலே, சுருள் முடிக்குக் கீழே, ஒரு இளம் கழுத்து சட்டைக்குள்ளிருந்து மெல்ல மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது.

வாய் நிறைய நுரை. என்னால் கத்தவும் முடியவில்லை.

தேநீர்க் குடுவையோடு படியிறங்கி வந்த அக்கா ஒரு பார்வையில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். குடுவையை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு ஓடி வந்து, தம்பியின் தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்பினாள்.

"மீசை இங்க இருக்குடா!"

இருந்தது. பாதி.